ஸ்க்வொடோஃப்ஸ்கா: ஒரு பேரைத் தேடி போலந்துல அஞ்சு நாள்

2024 அக்டோபர் 30, புதன், வார்சா

வார்சால இறங்குனப்ப மதியம் ரெண்டு மணி. வானம் பூரா சாம்பல் கலரு, காத்து காதுக்குள்ள புகுந்து வலிக்குது. எங்க அக்கா பையன் இங்கதான் படிக்கிறான், ஏர்போர்ட்ல பார்த்ததுமே "சித்தி, இந்த ஸ்வெட்டரெல்லாம் இங்க காணாது"ன்னு அவன் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழட்டி என் தோள்ல போட்டுட்டான். நாளைக்கு தீபாவளி, வீட்ல நான் இல்லைன்னு அம்மாவுக்கு ஒரே வருத்தம், ஆனா லீவு சேர்ந்தாப்ல கிடைச்சது இந்த வாரம்தான்.

எதுக்கு வந்தேன்னு முதல்ல சொல்லிடுறேன். 22 வருஷமா கெமிஸ்ட்ரி டீச்சரா இருக்கேன். வருஷா வருஷம் ரேடியம், பொலோனியம் பாடம் வரும்போது "மேரி கியூரி"ன்னு போர்டுல எழுதுவேன். போன வருஷம் ஒரு ஒன்பதாங்கிளாஸ் பிள்ளை எந்திரிச்சு, "டீச்சர், கியூரிங்கறது அவங்க வீட்டுக்காரர் பேருன்னு சொல்றீங்க, அப்ப அவங்க பேரு என்ன?"ன்னு கேட்டுச்சு. எனக்கு ஸ்க்ளோ-ன்னு ஏதோ ஆரம்பிக்கும்னு தெரியும், அதுக்கு மேல வாய் வரல. மரியா ஸ்க்வொடோஃப்ஸ்கா, அதான் அவங்க பிறந்த வீட்டுப் பேரு. ராத்திரி பூரா அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இத்தனை வருஷம் ஒரு அம்மாவோட பாதிப் பேரைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன்.

சரி, ஓட்டலுக்கு வர்றேன். பாஸ்போர்ட்ல எனக்கு சர்நேம் போடுற இடம் காலி, நம்ம ஆட்கள் நிறைய பேருக்கு அப்படித்தான். பையன் ரூம் புக் பண்ணும்போது அந்தக் கட்டத்தை விட முடியலன்னு எங்க அப்பா பேரைப் போட்டிருக்கான். ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு பாஸ்போர்ட்டையும் ஸ்க்ரீனையும் மாத்தி மாத்திப் பாக்குது, இது வேற ஆளுன்னு சொல்லுது, மேனேஜருக்கு போன் போடுது, நாப்பது நிமிஷம் பெட்டியோட நின்னேன். பாவம் அந்தப் பொண்ணும் என்ன பண்ணும், கடைசில ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுனேன்: எங்களுக்குக் குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, முன்னாடி ரெண்டு எழுத்து வரும், ஒண்ணு ஊருக்கு, ஒண்ணு அப்பாவுக்கு, இந்த முதல் எழுத்து எங்க ஊரு களக்காடுன்னு. அதைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணு சிரிச்சுச்சு. எங்களுக்கும் பாதிப் பேருக்கு ஊர் பேர்தாங்க, ஆனா நாங்க அதைக் கடைசில வைப்போம்னு சொல்லிட்டு சாவியைக் கொடுத்துச்சு. நான் தேடி வந்த விஷயத்தை ரூமுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு ரிசப்ஷன் பொண்ணு சொல்லிடுச்சு.

சாயங்காலம் பார் ம்லெச்னின்னு ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். பார்னதும் வேற மாதிரி நெனச்சிடாதீங்க, பால் கடைன்னு அர்த்தம், அரசாங்கம் மானியம் கொடுத்து நடக்குற மலிவுச் சாப்பாட்டுக் கடை, நாமளே கவுண்டர்ல டோக்கன் வாங்கி ஜன்னல்ல கொடுத்து வாங்கிக்கணும். பியெரோகி ஒரு தட்டு 16 ஸ்வோத்தி. ஒரு ஸ்வோத்தி நம்ம காசுக்கு 21 ரூபா கணக்கு. கொழுக்கட்டை மாதிரிதான் இருக்கு, உள்ள உருளைக்கிழங்கும் பன்னீர் மாதிரி ஒண்ணும், மேல வதக்குன வெங்காயம். உப்பு கம்மி, ஆனா சூடு. அந்தக் குளிருக்கு அந்தச் சூடே போதும்.

சாப்பிட்டுக்கிட்டே பையன் விளக்குனான். போலிஷ் பேர்ல கடைசில வர்ற ஸ்கி இருக்குல்ல, அது நம்ம "-ஊர்க்காரர்" மாதிரி. ஊர் பேரோட ஸ்கி சேர்ந்தா அந்த ஊரைச் சேர்ந்தவன், பொம்பளைன்னா ஸ்கா. அண்ணன் ஸ்க்வொடோஃப்ஸ்கி, தங்கச்சி ஸ்க்வொடோஃப்ஸ்கா, குடும்பமாச் சொன்னா ஸ்க்வொடோஃப்ஸ்த்ஸி. அவங்க மொழில எல் எழுத்து மேல ஒரு கோடு போட்டா அது வ மாதிரி ஆயிடும், அதனாலதான் க்ளோ இல்ல, க்வொ. எல்லா ஸ்கியும் ஊர் இல்லையாம். கோவால்ஸ்கின்னா கொல்லன்ல இருந்து வந்தது. இங்க ரொம்ப அதிகமா இருக்குற பேரு நோவாக், புதுசா வந்தவன்னு அர்த்தம், அதுல மட்டும் ரெண்டு லட்சம் பேர் இருக்காங்க. நாடு பூரா நாலு லட்சத்துக்கு மேல வேற வேற குடும்பப் பேர் இருக்காம், பெரும்பாலானது ரொம்பக் கொஞ்ச ஆட்கள் வச்சிருக்குற பேர்கள். பையன் இங்க வந்து ரெண்டு வருஷத்துல நோவாக் மட்டும் ஆறு பேரைப் பார்த்திருக்கான், ஸ்க்வொடோஃப்ஸ்கி ஒருத்தரைக்கூட பார்த்ததில்லையாம்.

அக்டோபர் 31, வியாழன், ஃப்ரெட்டா தெரு

தீபாவளி. காலைல அம்மாவுக்கு வீடியோ கால், பின்னாடி வெடிச் சத்தம். எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சியான்னு கேட்டாங்க, குளிச்சேன்னு பொய் சொல்லிட்டேன், மனசு கேக்கல.

ஃப்ரெட்டா தெரு 16-ம் நம்பர் வீடு. இங்கதான் 1867 நவம்பர் 7 அன்னிக்கு மரியா பிறந்தாங்க. அவங்க அம்மா இந்த வீட்லயே பொம்பளைப் பிள்ளைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்துனாங்க, அப்பா வ்வாதிஸ்வாஃப் ஸ்க்வொடோஃப்ஸ்கி கணக்கும் பிசிக்ஸும் சொல்லிக் கொடுத்த வாத்தியார், தாத்தா யூசெஃப் லூப்ளின் ஊர்ல ஹெட்மாஸ்டர். பரம்பரையே வாத்தியார் குடும்பம். இப்ப நிக்கிறது பழைய கட்டடம் இல்ல, 1944-ல வார்சாவை ஜெர்மன்காரங்க இடிச்சுத் தரைமட்டம் ஆக்குனப்ப இதுவும் போச்சு, திரும்பக் கட்டுனாங்க. 1967-ல நூறாவது வருஷத்துக்கு மியூசியம் ஆச்சு. சின்ன இடந்தான். உள்ள கிறீச் கிறீச்னு சத்தம் போடுற மரத்தரை, ஜன்னல் வழியா வர்ற வெளிச்சம், நானும் ஒரு ஸ்கூல் பிள்ளைங்க கூட்டமும். அந்த டீச்சர் விரல் வாயில வச்சு "ஷ்ஷ்"ன்னதும் நானே வாயை மூடிக்கிட்டேன்.

மியூசியத்துல இருந்த அம்மா வயசானவங்க, ஒவ்வொருத்தரையும் "பானி, பானி"ன்னுதான் கூப்பிடுறாங்க, நம்ம "அம்மா, வாங்க" மாதிரி. நான் டீச்சர்னு பையன் சொன்னதும் எந்திரிச்சே நின்னுட்டாங்க. பேரை எப்படிச் சொல்லணும்னு கேட்டேன். என் வாயைப் பார்த்துக்கிட்டே அஞ்சு தடவை சொல்ல வச்சாங்க. ஸ்க்வொ-டோஃப்-ஸ்கா. அழுத்தம் நடுவுல, டோஃப்-ல. எழுதும்போது அங்க வ இருக்கு, ஆனா பக்கத்துல ஸ் வந்ததும் அது ஃப் ஆயிடும். நாலாவது தடவை தலையை ஆட்டுனாங்க, அஞ்சாவது தடவை கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

இப்ப சொல்றதை நான் ரூமுக்கு வந்து மறுபடி ஒருதடவை சரிபார்த்துட்டுத்தான் எழுதுறேன், ஏன்னா எனக்கே நம்ப முடியல. 1898 ஏப்ரல்ல யுரேனியம், தோரியம் கதிர்களைப் பத்தி பாரிஸ் அகாடமிக்கு அவங்க தனியா ஒரு கட்டுரை கொடுத்தாங்க, அதுல பேரு மேடம் ஸ்க்வொடோஃப்ஸ்கா கியூரி. கல்யாணம் ஆகி மூணு வருஷம் ஆகப்போகுது, ஊர் பேரை விடல. அதே வருஷம் ஜூலைல அவங்களும் வீட்டுக்காரர் பியெர் கியூரியும் சேர்ந்து பொலோனியத்தை அறிவிக்கிறாங்க. அந்தக் கட்டுரைல அவர் பேரு பி. கியூரி, இவங்க பேரு எஸ். கியூரி. மரியாவுக்கு எம் போடல, மேரிக்கும் எம் போடல. எஸ். ஸ்க்வொடோஃப்ஸ்காவோட எஸ். இனிஷியல்! நம்ம ஊர்ல அட்டெண்டென்ஸ் நோட்ல எழுதுற மாதிரி, ஊர் பேரைச் சுருக்கி ஒரே ஒரு எழுத்தா முன்னாடி வச்சிருக்காங்க. அதே கட்டுரைலதான் இந்தப் புதுத் தனிமத்துக்கு எங்கள்ல ஒருத்தரோட சொந்த நாட்டுப் பேரு வைக்கிறோம்னு எழுதியிருக்கு. அப்ப உலக வரைபடத்துல போலந்துன்னு ஒரு நாடே கிடையாது, ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூணு பேரும் பங்கு போட்டு நூறு வருஷம் ஆச்சு. பேர்ல ஊர், தனிமத்துல நாடு. நான் 22 வருஷமா பொலோனியத்தோட அரை ஆயுள் 138 நாள்னு மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கேன்.

இன்னொண்ணு. க்யூரியம்னு தனிமம் இருக்குறது எல்லாருக்கும் தெரியும். ஸ்க்லொடோஃப்ஸ்கைட்னு ஒரு கனிமமும் இருக்கு, மஞ்சள் நிறத்துல ஊசி ஊசியா, காங்கோல கிடைச்ச யுரேனியக் கனிமம், 1924-ல பேர் வச்சது. ரெண்டு பேருமே அறிவியல்ல இருக்கு, பாடப்புத்தகத்துல ஒண்ணுதான் இருக்கு.

வெளிய வந்து பின்னாடி கொஞ்ச தூரம் நடந்தா கொஷ்ச்செல்னா தெரு ஓரமா அவங்க சிலை, விஸ்துலா ஆத்தைப் பார்த்து நிக்கிறாங்க, கைல பொலோனியம் அணு. அதுக்கப்புறம் பெய்ஞ்சது ஒரு மழை பாருங்க. குடை ரெண்டு தடவை தலைகீழா மடங்கி மூணாவது தடவை கம்பி ஒடிஞ்சே போச்சு. ஒரு கடைல ஒதுங்கி ஜூரெக் சூப் குடிச்சோம், புளிக்க வச்ச கம்புமாவுச் சூப் மாதிரி, ரை மாவுல பண்றது, உள்ள அவிச்ச முட்டை. சாஸேஜ் வேணாம்னு சொன்னோம், கடைக்காரர் அதுக்குப் பதிலா ரெண்டு முட்டை போட்டுட்டு விலையைக் கூட்டல. அந்தப் புளிப்பு நம்ம பழைய கஞ்சிப் புளிப்பேதான்.

நவம்பர் 1, வெள்ளி, பொவோன்ஸ்கி கல்லறை

இன்னிக்கு இவங்களுக்கு எல்லாப் புனிதர்கள் நாள். பெரிய கடை ஒண்ணும் திறக்கல, சட்டமே அப்படி. ஆனா ஊரே தெருவுல இருக்கு, எல்லார் கைலயும் சாமந்திப்பூத் தொட்டியும் ஸ்னிச்-ங்கிற கண்ணாடி விளக்கும். கல்லறைக்குப் போறதுக்குன்னே தனி பஸ் விடுறாங்க. பஸ்ல நிக்க இடமில்ல, இருந்தும் ஒருத்தர் குரலை ஒசத்திப் பேசல. எனக்கு முன்னாடி நின்ன ஒரு தாத்தா சாமந்தித் தொட்டியை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சிருந்தாரு, பிரேக் போடும்போதெல்லாம் பக்கத்துல இருந்த காலேஜ் பசங்க ரெண்டு பேர் தாத்தாவைப் பிடிக்காம பூந்தொட்டியைப் பிடிச்சாங்க. அவருக்கு எது முக்கியம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

பொவோன்ஸ்கி 1790-ல ஆரம்பிச்ச கல்லறைத் தோட்டம். வாசல்ல பைன்ஸ்கா ஸ்குர்கான்னு ஒரு மிட்டாய் விக்கிறாங்க, வார்சால இந்த நாள்ல கல்லறை வாசல்ல இதை விக்கிறது வழக்கமாம், பிங்க்கும் வெள்ளையுமா ரெண்டு கலரு, கசங்குன வெள்ளைப் பேப்பர்ல சுத்தி. ஒரு துண்டு 5 ஸ்வோத்தி. பல்லுல ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது, நம்ம சவ்வு மிட்டாயைக் கொஞ்சம் கெட்டியாக்குன மாதிரி. தகர உண்டியலை வச்சுக்கிட்டு நாடக, சினிமா நடிகருங்களே வாசல்ல நின்னு காசு கேக்குறாங்க, பழைய கல்லறைகளைச் செப்பனிடுறதுக்கு. 1970கள்ல இருந்து வருஷா வருஷம் இது நடக்குது.

உள்ள போனா பேரு, பேரு, பேரு. நான் ஒவ்வொரு கல்லையும் நின்னு படிச்சுக்கிட்டே போனேன், பையனுக்குப் பொறுமை போயிடுச்சு. அப்பத்தான் ஒண்ணு கவனிச்சேன், கல்லுல ஸ்கி, ஸ்கான்னு இல்லாம நிறைய இடத்துல "-ஸ்கிஹ்"னு முடியுது. கேட்டா அது "இன்னார் குடும்பத்தோட" கல்லறைங்கறதுக்கான வேற்றுமை. நேத்து தெருப் பலகைல ஸ்க்வொடோஃப்ஸ்கான்னு இல்லாம "ஸ்க்வொடோஃப்ஸ்கியெய்"ன்னு இருந்ததும் அதான், "ஸ்க்வொடோஃப்ஸ்காவின் தெரு". இங்கிலீஷ்காரங்களுக்கு இது பெரிய தலைவலியாம். நமக்கு என்ன தலைவலி, ராமன் ராமனை ராமனுக்குன்னு ரெண்டாங்கிளாஸ்லயே படிச்சிட்டோம். கியூரி மட்டும் மாறாம அப்படியே நிக்குது, வெளியூர்ல இருந்து வந்த பேருங்கறதால.

ஸ்க்வொடோஃப்ஸ்கி குடும்பக் கல்லறையைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆச்சு. நடுவுல பையனையும் தொலைச்சிட்டேன், போன்ல சார்ஜ் இல்ல, நாலே காலுக்கெல்லாம் இருட்டிடுச்சு. கொஞ்சம் பயந்துட்டேன். ஒரு அம்மா என் முகத்தைப் பார்த்துட்டு என்னமோ கேட்டாங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தையைச் சொன்னேன், ஸ்க்வொடோஃப்ஸ்கா. நேத்து அஞ்சு தடவை சொல்லிப் பழகுனது வீண் போகல. அவங்க பேரப்பிள்ளையை அங்கயே நிறுத்திட்டு என் முழங்கையைப் பிடிச்சு வரிசை வரிசையாக் கூட்டிட்டுப் போய் விட்டாங்க. அங்க பையன் எனக்கு முன்னாடியே வந்து நிக்கிறான்.

மரியாவோட அப்பா அம்மா இங்கதான் இருக்காங்க. அம்மா 1878-ல காசநோய்ல போயிட்டாங்க, மரியாவுக்கு அப்ப பத்து வயசு. யாரோ ஏற்கனவே நிறைய விளக்கு வச்சிருந்தாங்க, சிவப்பு, வெள்ளை, ஒரு குட்டி நீலம். நான் ரெண்டு ஸ்னிச் வாங்கிட்டு வந்திருந்தேன், ஒண்ணை ஏத்தி வச்சேன். காத்துல ரெண்டு தடவை அணைஞ்சது, மூணாவது தடவை பக்கத்துக் கல்லறைக்காரர் வந்து கையைக் குவிச்சு மறைச்சுக்கிட்டாரு. தீபாவளிக்கு ஏத்தாத விளக்கு இது. கண்ணுக்கெட்டுற தூரம் வரைக்கும் தரை பூரா விளக்கு, வானமே அந்த வெளிச்சத்துல ஆரஞ்சா இருக்கு. ரொம்ப நேரம் அங்கயே நின்னோம்.

நவம்பர் 2, சனி, ஸ்க்வொடி

பேரு பொறந்த ஊருக்குப் போற நாள். வார்சால இருந்து பியாவிஸ்தோக் போற லைன்ல ஸரெம்பி கொஷ்ச்செல்னேன்னு ஒரு சின்ன ஸ்டேஷன், கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். ட்ரெயின் மாவ்கீனியால நின்னப்ப பையன் மெதுவா சொன்னான், இங்க இருந்து கொஞ்ச தூரந்தான் ட்ரெப்ளிங்கா, நாஜிகளோட கொலை முகாம்னு. 1942-43ல ஏழு லட்சத்துக்கும் மேல யூதர்களை ட்ரெயின்ல அங்க கொண்டுபோய் கொன்னாங்க. ஸரெம்பிலயும் போருக்கு முன்னாடி நிறைய யூதக் குடும்பங்கள் இருந்துச்சு, 1941-லயே அவங்களைச் சுட்டுக் கொன்னுட்டாங்க. நேத்து பூரா பேர் எழுதுன கல்லைப் பார்த்துட்டு வந்த எனக்கு, ஒரு கல்லுகூட இல்லாமப் போன பேர்களை நெனச்சதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கத் தோணுச்சு.

ஸரெம்பில இறங்குனா டாக்ஸி கிடையாது, பஸ் கிடையாது, சனிக்கிழமை. முதல்ல ஊர்க் கல்லறைக்குப் போனோம். இங்கதான் எனக்கு விஷயம் கண்ணுக்கு நேரா விளங்குச்சு. ஒரு கல்லுல நியெனவ்தோஃப்ஸ்கி. மேப்பைப் பார்த்தா பக்கத்துலயே நியெனவ்த்தின்னு ஊரு. இன்னொரு கல்லுல ஷ்வியெர்ஜெஃப்ஸ்கி, மேப்ல ஷ்வியெர்ஜெ. மேப்பும் கல்லறையும் ஒரே எழுத்துதான், இங்க ஊரா இருக்கு அங்க ஆளா இருக்கு.

இந்தப் பக்கம் ஏன் இப்படின்னா, பழைய போலந்துல ஷ்லாக்தான்னு ஒரு பிரபு வர்க்கம், மொத்த ஜனத்தொகைல எட்டுல இருந்து பத்து சதவீதம், ஐரோப்பால பெரும்பாலான நாடுகள்ல இவ்வளவு கிடையாது. இந்த மஸோவியா பக்கம் அதைவிட அதிகம். பிரபுன்னா அரண்மனை, குதிரை வண்டின்னு நெனைக்காதீங்க, ஒரு சின்ன நெலம், அதை அவங்களே உழணும், கீழ வேலை செய்ய ஆள் கிடையாது. ஆனா கேடயச் சின்னம் உண்டு, ஓட்டு உண்டு, ஸ்கி உண்டு. ஸ்க்வொடோஃப்ஸ்கிக்கு டொவெங்கா சின்னம்: நீலத்துல வெள்ளி லாடம், மேல தங்கச் சிலுவை, லாடத்துக்குள்ள கீழ பார்த்த அம்பு. ஒரே சின்னத்தை ரத்த சம்பந்தம் இல்லாத பல குடும்பங்கள் வச்சிருக்கும், அதனால சின்னத்தை வச்சு சொந்தக்காரன்னு சொல்லிட முடியாது. அப்புறம் காலம் போகப்போக பிரபு இல்லாதவங்களும் ஸ்கி வச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு அதிகமா இருக்குற ஆயிரம் பேர்கள்ல மூணுல ஒண்ணுக்கு மேல ஸ்கி வகைதான்.

சர்ச்ல பிறப்பு, இறப்பு எழுதுற பதிவேட்டுக் கதை இன்னும் விசித்திரம். ஒரே ஸ்க்வொடோஃப்ஸ்கி குடும்பம் முதல்ல லத்தீன்ல எழுதப்பட்டிருக்கும், 1808ல இருந்து போலிஷ்ல, 1868-ல இருந்து முதல் உலகப்போர் வரைக்கும் ரஷ்ய எழுத்துல. மரியா பிறந்தது 1867 நவம்பர். கொஞ்ச மாசம் தள்ளிப் பிறந்திருந்தா அவங்க பேரே வேற எழுத்துல பதிவாகியிருக்கும்.

இனிமே நடக்குறதுதான். மேப்ல ஸ்க்வொடின்னு போட்டா ஒண்ணு காட்டல, பல ஸ்க்வொடி காட்டுது: ஸ்க்வொடி-பியொத்ரோவித்ஸெ, ஸ்க்வொடி-ஸ்தாஹி, ஸ்க்வொடி ஷ்ரெத்னியே. எதுக்குப் போறதுன்னு தெரியாம ஒரு மணி நேரத்துக்கு மேல நடந்தோம், ரெண்டு பக்கமும் உழுது போட்ட கருப்பு மண், கம்பத்து உச்சில காலியான நாரைக் கூடு, ஓரமா ஒரு சிலுவை, அதுக்கு பிளாஸ்டிக் பூ. வயல் வரப்புல இறங்கி குறுக்கால போகலாம்னு சொன்னது நான்தான், ஷூ கணுக்கால் வரைக்கும் சேத்துல மாட்டி ஒரு சாக்ஸ் முழுசா நனைஞ்சு கால் விரல் மரத்துப் போச்சு.

அப்ப ஒரு பழைய கார் நின்னுச்சு. அறுபது வயசு ஆள், பின் சீட்ல அவர் சம்சாரம் மடில காலியான பூந்தொட்டியோட, கல்லறைக்குப் போயிட்டு வீட்டுக்குப் போறாங்க. பையன் தனக்குத் தெரிஞ்ச போலிஷ்ல எங்களை விளக்குறதுக்குள்ள அந்தம்மா கதவைத் திறந்துட்டாங்க. நான் பேரைச் சொன்னேன். அந்தம்மா "நாஷா"ன்னாங்க, நெஞ்சுல கை வச்சு. நம்ம பொண்ணுன்னு அர்த்தம்.

வீடு பச்சை பெயின்ட் அடிச்ச மரவீடு. வாசல்லயே ஷூவைக் கழட்டணும், நம்ம மாதிரியே, ஆனா உள்ள போட்டுக்க துணிச் செருப்பு கொடுக்குறாங்க. என் ஈர சாக்ஸைப் பார்த்ததும் அந்தம்மா ஒண்ணும் கேக்கல, கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி கொண்டுவந்து என் கைல வச்சுட்டு, என்னோடதை ஓடு பதிச்ச அடுப்பு மேல காயப் போட்டாங்க. கண்ணாடி டம்ளர்ல எலுமிச்சைத் துண்டு போட்ட டீ, மேல பொடிப்பொடியா மாவு தூவுன இனிப்பு ரொட்டி. ரெண்டாவது துண்டு வேணாம்னு சொல்ல முடியல, தட்டு காலியானா அவங்களுக்கு முகம் வாடுது, எங்க ஆச்சி மாதிரியே.

அவர்தான் அந்த ரெட்டை ஊர்ப்பேரை விளக்குனாரு, மேஜைல ரொட்டித்தூளைத் தள்ளி வச்சு. இது முதல்ல ஒரே ஸ்க்வொடி. சொந்தபந்தம் பெருகப்பெருக நெலம் பிரியுது, பிரிஞ்ச ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டாவதா ஒரு பேர் ஒட்டுது. ஸ்தாஹின்னா ஸ்தாஹுன்னு ஒருத்தரோட பங்கு, ஸ்டனிஸ்வாஃபைச் செல்லமா அப்படிக் கூப்பிடுவாங்க. பியொத்ரோவித்ஸென்னா பியொத்ரோட வகையறா. ஷ்ரெத்னியேன்னா நடு. நான் சொன்னேன், எங்க பக்கம் மேலூர், கீழூர், நடுவூர்னு வரும்னு. பையன் மொழிபெயர்த்ததும் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் தலையை ஆட்டுனாங்க. நெலம் பிரிஞ்சாலும் ஆள் பேரு எல்லாத்துக்கும் ஸ்க்வொடோஃப்ஸ்கிதான். படிச்சு வாத்தியாராகி லூப்ளினுக்கும் வார்சாவுக்கும் போனவங்களும் அதைக் கூடவே எடுத்துட்டுப் போனாங்க, அங்க இருந்து பாரிஸுக்கு.

அப்புறம் அந்தம்மா என் ஊர் பேரு என்னன்னு கேட்டாங்க. களக்காடுன்னேன். வாய்க்குள்ள ரெண்டு தடவை உருட்டிப் பார்த்துட்டு, களகாட்ஸ்கான்னாங்க. களகாட்ஸ்கி இல்ல, களகாட்ஸ்கா, விரலை ஆட்டித் திருத்துனாங்க. ஊர் பேரு ட்-ல முடிஞ்சா ஸ்கா அப்படியே ஒட்டாதாம், ட்ஸ்கான்னு குழைஞ்சிடுமாம், பெல்கிராட் பெல்கிராட்ஸ்கா ஆகுற மாதிரி. எங்க தாத்தா காலத்துல இருந்து ஒத்தை எழுத்தா நின்ன எங்க ஊரை ஒரு போலிஷ் அம்மா முழுசாச் சொல்லிக் கூப்பிட்டாங்க. எனக்குத் தொண்டை அடைச்சிடுச்சு.

கிளம்பும்போது காசு கொடுக்கலாம்னு பையன் பர்ஸை எடுத்ததும் அவர் முகம் கோவமாயிடுச்சு, உடனே உள்ள வச்சுட்டான். என்கிட்ட இருந்த இன்னொரு ஸ்னிச்சைக் கொடுத்தேன், அவங்க வாங்கிக்கிட்டாங்க, வாசல் பக்கத்துச் சிலுவைக்கு வைக்கிறோம்னு. கம்பளி சாக்ஸைத் திருப்பி வாங்கிக்க மாட்டேன்னுட்டாங்க. ஸ்டேஷன்ல கொண்டு விட்டப்ப ட்ரெயின் போயிருந்துச்சு, அடுத்ததுக்கு ரெண்டு மணி நேரம். ப்ளாட்பாரத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரு மஞ்ச லைட்டும் மட்டும். கால் மட்டும் குளிரல.

நவம்பர் 3, ஞாயிறு, வார்சா

உடம்பு பூரா வலி, மூக்கு ஒழுகுது. ஆனாலும் கோவோ பக்கம் ஞாயித்துக்கிழமை நடக்குற பழைய சாமான் சந்தைக்குப் போனோம். பழைய கரண்டி, மெடல், சமோவர், ஒத்தைக் காதணி, எல்லாம் தரைல விரிச்ச துணில. நான் தேடுனது ஒண்ணுதான். 1989-ல வந்த 20,000 ஸ்வோத்தி நோட்டு, அதுல அவங்க முகம் இருக்கும், பின்பக்கம் அணு உலை. 1995-ல பத்தாயிரத்தை ஒண்ணாக்கி புதுப் பணம் கொண்டுவந்தப்ப இந்த இருபதாயிரம் வெறும் ரெண்டு ஸ்வோத்தி ஆயிடுச்சு.

விக்கிறவர்கிட்ட கியூரின்னு கேட்டேன், புரியல. ஸ்க்வொடோஃப்ஸ்கான்னேன், உடனே ஆல்பத்தைத் திறந்துட்டாரு. ஒரு நோட்டு 25 சொன்னாரு, ரெண்டுக்கு 40-ன்னு முடிச்சோம். ஒண்ணு எனக்கு, ஒண்ணு ஸ்கூல் லேப் சுவத்துக்கு.

கீழ தமிழ்ல பேர் எழுதி ஒட்டணும். ஃப் வேணுமா, வ் போதுமா, ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைங்க வாயில எது சுலபமா வரும்னு நானும் பையனும் ட்ராம்ல மாத்தி மாத்தி சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்தோம். எதிர் சீட்ல ஒரு சின்னப் பொண்ணு எங்க வாயையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு, இறங்குறதுக்கு முன்னாடி அதுவா ஒருதடவை மெதுவா, சரியா சொல்லிக் காட்டிட்டு இறங்கிப் போச்சு.